டிஃபெண்டர் 'பேக்டோர்'னு காட்டுது, எடுத்தாலும் மறுநாள் திரும்ப வருது... ஃபார்மட் தான் வழியா?

டிடிபி அக்கா, சத்துவாச்சாரி
ஞாயிறு ராத்திரி 10:42

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெரிய போஸ்ட், பொறுத்துக்கங்க. நான் சத்துவாச்சாரில வீட்ல இருந்தே டிடிபி பண்றேன், கல்யாண பத்திரிகை, காதுகுத்து, கருமாதி கார்டு, ஸ்கூல் கொஸ்டின் பேப்பர்னு எது வந்தாலும். சிஸ்டம் விண்டோஸ் 10, வாங்கி ஏழு வருஷம் ஆவுது, இன்னும் பேஜ்மேக்கர் தான் ஓட்டிக்கினு இருக்கேன் (சிரிக்காதீங்க, நான் குடுக்குற பிரஸ்ல அதுல இருந்தா தான் வாங்கறாங்க).

போன மாசம் ஒரு பிரஸ்ல தமிழ் ஃபான்ட் கட்டு ஒண்ணு பென்டிரைவ்ல குடுத்தாங்க. டபுள் கிளிக் பண்ணா முந்நூறு ஃபான்டும் தானா ஏறிடும், ஆன்டிவைரஸ் கத்தும், அத ஆஃப் பண்ணிட்டு போடுங்கன்னு சொன்னாங்க. நானும் ஆஃப் பண்ணி, பர்மிஷன் கேட்டதுக்கு எஸ் குடுத்து, போட்டேன். ஃபான்ட் என்னவோ நல்லா தான் ஏறுச்சு.

அப்பால தான் ஆரம்பிச்சுது. பேக்கப்புக்குன்னு ஒரு பென்டிரைவ் எப்பவும் சிஸ்டம் பின்னாடி சொருகியே இருக்கும், அதுல இருக்கிற ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிடுச்சு. டிஃபெண்டர் (விண்டோஸ் கூடவே வர்ற ஆன்டிவைரஸ்) தினமும் காலையில 'பேக்டோர், பிளாடபிண்டி'ன்னு ஒரு பேரு காட்டுது, ரிமூவ் குடுத்தா பச்ச டிக் வருது, மறுநாள் திரும்ப அதே பேரு. நேத்து ராத்திரி நான் கைய கூட வைக்கல, வெப்கேம் லைட்டு எரிஞ்சு பத்து செகண்டுல அணைஞ்சுது. பாப்பா அதே ரூம்ல தூங்கிக்கினு இருந்தா. எனக்கு வயித்த கலக்கிடுச்சு, உடனே கேமரா மேல பொட்டு ஒட்டிட்டேன் (ஸ்டிக்கர் பொட்டு தான், கைக்கு அதான் கிடைச்சுது).

இவரு நெட் பேங்கிங்கும் இதுல தான் பண்றாரு. நாலு வருஷ பத்திரிகை ஃபைலு டி டிரைவ்ல இருக்கு. எடுத்ததுக்கு அப்புறமும் ஏன் திரும்ப வருது? ஃபார்மட் பண்ணியே ஆகணுமா? ஆவணி முகூர்த்த ஆர்டர் பதினொண்ணு கையில இருக்கு.


பாலாத்து மணல்
ஞாயிறு ராத்திரி 10:55

சிஸ்டர், டிஃபெண்டர் எல்லாம் வேஸ்ட். பெரிய கம்பெனி ஆன்டிவைரஸ் ஒண்ணு கிராக் வெர்ஷன் என்கிட்ட இருக்கு, லிங்க் அனுப்பட்டா? லைஃப்டைம் ஆக்டிவேஷன்.


கிரீன்சர்க்கிள் சிக்னல்
ஞாயிறு ராத்திரி 11:20

மேல இருக்கிற தம்பி, வேணாம். வந்த வழியே அதான், அதே வழியில இன்னொருத்தன கூட்டிக்கினு வர சொல்றியே.

அக்கா, மொதல்ல நெட் வயர புடுங்குங்க, வைஃபைன்னா ஆஃப் பண்ணுங்க, மீதிய அப்பறம் படிங்க. பண்ணிட்டீங்களா? சரி.

உங்களுக்கு வந்திருக்கிறது சாதாரண வைரஸ் இல்ல. வைரஸ்னா ஃபைல கெடுக்கும், விளம்பரம் காட்டும், அதோட போகும். பேக்டோர்னா கொல்லப்பக்க கதவு. முன் வாசல்ல நீங்க பூட்டு போட்டுக்கினு இருப்பீங்க, ஒருத்தன் பின்னாடி தாழ்ப்பாள எடுத்து விட்டுட்டு எப்ப வேணா வந்து போவான். அதுலயும் நிறைய பேருக்கு புரியாத ஒரு விஷயம் இருக்கு. ஃபயர்வால் இருக்கே, வெளிய இருந்து எவனும் உள்ள வர முடியாதேன்னு கேப்பாங்க. இது வெளிய இருந்து தட்றது கிடையாது, உங்க சிஸ்டத்துக்குள்ள இருக்கிற அந்த புரோகிராமே வெளிய இருக்கிறவனுக்கு ஃபோன் போட்டு 'நான் ரெடி, சொல்லு'ன்னு நிக்கும். உள்ள இருந்து வெளிய போற கனெக்ஷன ஃபயர்வால் பொதுவா தடுக்காது. போதாததுக்கு இந்த ரகம் ஃபயர்வால்ல அனுமதிச்ச லிஸ்ட்டுல தன் பேர தானே சேத்துக்கும்.

பிளாடபிண்டிங்கறது மைக்ரோசாஃப்ட் வெச்ச பேரு, வெளிய இத என்ஜேரேட்னு சொல்லுவாங்க. 2012, 13 வாக்குல இருந்து சுத்திக்கினு இருக்கு. இத தயார் பண்ற டூலே வெளிய வந்துடுச்சு, அதனால பெரிய ஹேக்கர் எல்லாம் தேவையில்ல, வேல வெட்டி இல்லாத எவன் வேணா நாலு பட்டன் அமுக்கி ஒண்ணு ரெடி பண்ணி ஃபான்ட் கட்டோட சேத்து அனுப்பலாம். கீபோர்டுல நீங்க அடிக்கறத பதிவு பண்ணும், பிரவுசர்ல சேவ் பண்ண பாஸ்வேர்ட எடுக்கும், ஸ்கிரீன பாக்கும், வெப்கேம போடும். பென்டிரைவ் வழியா பரவறதும் இதோட குணம். நீங்க சொன்னது அத்தனையும் அப்படியே பொருந்துது. பொட்டு ஒட்டுனது ரொம்ப சரி.

இன்னைக்கு ராத்திரியே உங்க ஃபோன்ல (மொபைல் டேட்டால, இந்த சிஸ்டத்துல இல்ல) ஜிமெயில் பாஸ்வேர்ட மாத்துங்க, டூ ஸ்டெப் போடுங்க. மாத்துனா மட்டும் பத்தாது, செக்யூரிட்டி பக்கத்துல 'உங்க டிவைஸ்' னு வரும், அதுல தெரியாதது எல்லாத்தையும் சைன் அவுட் பண்ணுங்க, ஏன்னா பிரவுசர்ல நீங்க லாகின் ஆகி இருக்கிற அந்த குக்கீய அவன் எடுத்துட்டான்னா பாஸ்வேர்டே கேக்காம உள்ள போவான். மெயில் ஃபார்வர்டிங்ல எதாவது புது அட்ரஸ் இருக்கான்னும், ரெக்கவரி நம்பர் உங்களுது தானான்னும் பாருங்க. வாட்ஸ்அப்ல லிங்க்ட் டிவைசஸ் பாருங்க. அண்ணன் பேங்க் பாஸ்வேர்டும் அவரு ஃபோன்லயே மாத்தட்டும். பணம் ஒரு ரூபா போயிருந்தாலும் 1930க்கு (சைபர் மோசடி புகார் நம்பர்) உடனே அடிங்க, லேட் பண்ணாதீங்க.

ஒண்ணு மட்டும் பாத்து சொல்லுங்க: டிஃபெண்டர் காட்டுதே, அந்த ஃபைலு எந்த டிரைவ்ல இருக்குன்னு காட்டுது? சி யா, இல்ல பென்டிரைவா?


வாலாஜா ரோடு
திங்கள் காலை 6:30

பழைய ஆளு நான், 2001ல ஒரு பிரவுசிங் சென்டர்ல உக்காந்திருந்தேன், மணிக்கு 30 ரூபா. அப்பவே இதெல்லாம் உண்டு. பேக் ஆரிஃபிஸ்னு ஒண்ணு, 1998 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல டெஃப்கான்ங்கற மீட்டிங்ல ரிலீஸ் பண்ணாங்க, அதே வருஷம் நெட்பஸ்னு இன்னொண்ணு. எங்க பசங்க நெட்பஸ் போட்டு அடுத்த கேபின்ல இருக்கிறவன் சிடி டிரேவ தொறந்து தொறந்து மூடுவானுங்க, அவன் பேய் புடிச்சிருக்குன்னு ஓனர்கிட்ட ஓடுவான். அப்ப விளையாட்டு, இப்ப பேங்க்ல கைய வைக்கறான், அவ்ளோ தான் வித்தியாசம்.

ஆனா ஃபார்மட் வரைக்கும் போவணுமான்னு எனக்கு தோணல மா. ஆட்டோரன்ஸ்னு மைக்ரோசாஃப்ட்டே ஃபிரீயா குடுக்கற டூல் இருக்கு, சிஸின்டர்னல்ஸ் பக்கத்துல. சிஸ்டம் ஆன் ஆகும் போது தானா கிளம்பற அத்தனையும் அதுல வந்துடும், ஸ்டார்ட்டப் ஃபோல்டர், ரெஜிஸ்ட்ரி ரன் கீ, ஷெட்யூல் டாஸ்க், சர்வீஸ் எல்லாம். ஆப்ஷன்ல மைக்ரோசாஃப்ட் என்ட்ரிய மறைச்சிட்டா மீதி கொஞ்சம் தான் இருக்கும், ரோஸ் கலர்ல வர்றத பாருங்க, அது கம்பெனி பேரோ கையெழுத்தோ சரியா இல்லாதது. ரோஸா வர்றது எல்லாமே வைரஸ் இல்ல, உங்க பழைய பிரிண்டர் டிரைவர் கூட வரலாம், அவசரப்பட்டு அழிச்சிடாதீங்க. டிக் எடுத்து விட்டு ரீஸ்டார்ட் பண்ணி, டிஃபெண்டர்ல ஆஃப்லைன் ஸ்கேன் போடுங்க, விண்டோஸ் முழுசா ஏறறதுக்கு முன்னாடியே ஓடும், ஒரு கால் மணி நேரம் ஆவும். நான் இப்படி தான் என் மச்சான் சிஸ்டத்த கிளீன் பண்ணேன், ரெண்டு வருஷமா ஒண்ணும் இல்ல.


டிடிபி அக்கா, சத்துவாச்சாரி
திங்கள் மதியம் 1:15

அண்ணா ரெண்டு பேருக்கும் நன்றி. ராத்திரி ஒரு மணி வரைக்கும் பாஸ்வேர்ட் மாத்திக்கினே இருந்தோம். ஜிமெயில்ல தெரியாத டிவைஸ் ஒண்ணு நிஜமாவே இருந்துச்சு, தூக்கிட்டேன். பேங்க்ல பணம் எதுவும் போவல, நல்ல வேள.

ஃபைலு காட்டற இடம் எப்பவுமே பென்டிரைவ் தான்! சி டிரைவ்ல ஒரு தடவ கூட காட்டல. அப்ப பென்டிரைவ் மட்டும் தான் பிரச்னையா?

அப்பறம் இன்னொண்ணு, டாஸ்க் மேனேஜர்ல எஸ்விசிஹோஸ்ட்னு நிறைய இருக்கு, அதுல ஒண்ணு மட்டும் என் பேர்ல ஓடுது, ரைட் கிளிக் பண்ணி எங்க இருக்குன்னு பாத்தா ஆப்டேட்டா ரோமிங்னு ஒரு ஃபோல்டருக்குள்ள போவுது. சந்தேகப்பட்டு எண்ட் டாஸ்க் குடுத்தேன், உடனே நீல ஸ்கிரீன் வந்து சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆயிடுச்சு. விண்டோஸோட முக்கியமான ஃபைல கொன்னுட்டேனா? பயமா இருக்கு.


கிரீன்சர்க்கிள் சிக்னல்
திங்கள் மதியம் 1:40

சாப்பாட்டு டைம்ல கை கழுவாம டைப் பண்றேன், மன்னிக்கணும்.

நீங்க கொல்லல அக்கா, அது தான் உங்கள மிரட்டுது. எஸ்விசிஹோஸ்ட்னா விண்டோஸோட சர்வீஸ ஓட்டற புரோகிராம், நிஜமானது விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள சிஸ்டம்32 மாதிரி இடத்துல தான் குடியிருக்கும், ஆப்டேட்டாவுல அதுக்கு என்ன வேல? இந்த என்ஜேரேட்ல ஒரு வசதி உண்டு, தன்ன விண்டோஸோட முக்கியமான புராசஸ்னு தானே பதிவு பண்ணிக்கும், யாராவது நிறுத்துனா விண்டோஸ் 'முக்கியமானது செத்துடுச்சு'ன்னு நினைச்சு நீல ஸ்கிரீன் போட்டுடும். பாக்கறவன் நம்ம தான் எதையோ கெடுத்துட்டோம்னு பயந்து கைய எடுத்துடுவான். அதுக்கு தான் அந்த ஏற்பாடு.

இப்ப விண்டோஸ் செக்யூரிட்டி தொறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கீழ எக்ஸ்குளூஷன்ஸ்னு இருக்கும் (டிஃபெண்டர் பாக்க கூடாத இடங்களோட லிஸ்ட்டு), அதுல என்ன இருக்குன்னு பாருங்க. நான் நினைக்கறது சரின்னா உங்க கதை மொத்தமும் அங்க தான் இருக்கு.

கமாண்ட் பிராம்ப்ட்ட அட்மினா தொறந்து நெட்ஸ்டாட்னு அடிச்சு ஸ்பேஸ் விட்டு மைனஸ் ஏஎன்ஓ போடுங்க (நீங்க இங்கிலீஷ்ல அடிங்க, நான் தமிழ் கீபோர்டுல இருக்கேன்), எந்த புரோகிராம் வெளிய யார்கூட பேசுதுன்னு காட்டும். வலது ஓரத்துல கடைசியா இருக்கிறது புராசஸ் நம்பர், அந்த திருட்டு எஸ்விசிஹோஸ்டோட நம்பர் டாஸ்க் மேனேஜர்ல டீடெயில்ஸ்ல இருக்கும், ரெண்டும் எங்க ஒத்துப்போவுதுன்னு பாருங்க. 'சின் சென்ட்'னு காட்டுனா, கூப்பிட்டுக்கினே இருக்கு, ஆள் கிடைக்கலன்னு அர்த்தம்.


டிடிபி அக்கா, சத்துவாச்சாரி
திங்கள் மதியம் 2:05

அய்யோ அண்ணா. எக்ஸ்குளூஷன்ல 'சி கோலன்'னு மொத்த சி டிரைவும் போட்டிருக்கு!! நான் போடவே இல்ல. நெட்ஸ்டாட்ல அதே நம்பர், சின் சென்ட்னு தான் இருக்கு, எதிர்ல ஒரு ஐபி, அதுக்கு அப்பறம் 5552.


கிரீன்சர்க்கிள் சிக்னல்
திங்கள் மதியம் 2:20

அதே தான். 5552 என்ஜேரேட்டோட டீஃபால்ட் போர்ட் (பேசறதுக்கு அதுல முன்னாடியே வெச்சிருக்கிற வாசல் நம்பர்), செஞ்சவன் அத மாத்த கூட சோம்பேறி.

ஏன் திரும்ப திரும்ப வருதுன்னு கேட்டீங்கல்ல, இதான். அந்த ஃபான்ட் கட்டுக்கு எஸ் குடுத்தப்ப அட்மின் பர்மிஷன் குடுத்துட்டீங்க, அது மொதல் வேலையா டிஃபெண்டர்கிட்ட போயி 'சி டிரைவ் பக்கமே பாக்காத'ன்னு எழுதி வெச்சிடுச்சு. தாய் சி டிரைவ்ல சுகமா இருக்கு. அது பென்டிரைவ்ல போடற குட்டிய மட்டும் டிஃபெண்டர் தினமும் புடிச்சு, பச்ச டிக் காட்டி, வேல முடிஞ்சுதுன்னு சொல்லுது. பாவம் அதுக்கும் தெரியாது.

அதனால வாலாஜா அண்ணன் சொன்ன ஆஃப்லைன் ஸ்கேன் போடறதா இருந்தாலும் மொதல்ல அந்த எக்ஸ்குளூஷன எடுத்துட்டு தான் போடணும். ஆனா என் அபிப்ராயம் ஃபார்மட் தான். அண்ணன் கோச்சிக்க கூடாது, மச்சான் சிஸ்டம்ல ரெண்டு வருஷமா ஒண்ணும் இல்லன்னு சொல்றீங்க, ரெண்டு வருஷமா ஒண்ணும் தெரியலன்னு தான் அதுக்கு அர்த்தம். வைரஸ எடுத்துட்டோம்னு சொல்லலாம், ஆனா ஒரு மாசமா உள்ள வந்து போனவன் வேற என்ன வெச்சிட்டு போனான்னு எந்த ஸ்கேனர் சொல்லும்? ஒரு புது யூசர் அக்கவுண்ட் போட்டிருக்கலாம், நல்ல சாஃப்ட்வேரே ஒண்ணு போட்டிருக்கலாம். அந்த நல்ல சாஃப்ட்வேர் தான் மோசம்.


ராணிப்பேட்டை கணக்கு
திங்கள் சாயங்காலம் 7:10

நல்ல சாஃப்ட்வேர்னு சொன்னீங்களே, அதுல அடிவாங்குனவன் நான். லெதர் சரக்கு வாங்கி விக்கற ஒரு சின்ன ஆபீஸ்ல கணக்கு எழுதறேன், டேலி சரி பண்ண வந்த ஒருத்தர் (பேர் வேணாம்) ரிமோட் சாஃப்ட்வேர் ஒண்ணு போட்டு, நாங்க இல்லாதப்பவும் உள்ள வர மாதிரி பாஸ்வேர்ட் வெச்சிட்டு போனாரு, எங்களுக்கு சொல்லவே இல்ல. அந்த பாஸ்வேர்ட் ஆறு எழுத்து, வர்ற கஸ்டமருக்கு எல்லாம் அதே தானாம். ஒரு நாள் ராத்திரி யாரோ உள்ள வந்து ஜிஎஸ்டி பில்லு ஃபோல்டர் மொத்தமும் காப்பி பண்ணிக்கினு போயிருக்கான். எந்த ஆன்டிவைரஸும் கத்தல, ஏன் கத்தும், அது கையெழுத்து போட்ட ஒழுங்கான கம்பெனி சாஃப்ட்வேர். அந்த சாஃப்ட்வேரோட லாக்ல நேரம் பாத்து தான் கண்டுபுடிச்சோம்.

அக்கா, உங்க கண்ட்ரோல் பேனல்ல நீங்க போடாத ரிமோட் எதாவது இருக்கான்னு பாருங்க. அதுவும் கொல்லக்கதவு தான், கதவ செஞ்சவன் நல்லவன், சாவி எவன்கிட்டன்னு தான் கேள்வி.


வாலாஜா ரோடு
திங்கள் ராத்திரி 8:00

கோவம் எல்லாம் இல்லபா. மச்சான் சிஸ்டத்துல இப்ப தான் எக்ஸ்குளூஷன் பாக்க சொன்னேன், காலியா தான் இருக்காம். ஆனா நீ சொன்னது உறுத்திக்கினே தான் இருக்கு. இந்த பிளாடபிண்டி தொல்ல தாங்காம 2014 ஜூன் கடைசில மைக்ரோசாஃப்ட் கோர்ட்டுக்கு போயி ஃபிரீயா நெட் அட்ரஸ் குடுக்கற நோ-ஐபிங்கற கம்பெனியோட டொமைன் இருபத்து சொச்சத்த கைல எடுத்துக்கினாங்க, இந்த வைரஸ்காரனுங்க அந்த ஃபிரீ அட்ரஸ தான் யூஸ் பண்ணிக்கினு இருந்தானுங்க. பாத்தா அதே அட்ரஸுல வீட்டு கேமரா வெச்சிருந்த அப்பாவி ஜனத்துக்கு எல்லாம் கனெக்ஷன் போச்சு, பெரிய சண்ட, கொஞ்ச நாள்லயே திருப்பி குடுத்துட்டாங்க. அவ்ளோ பண்ணியும் இன்னைக்கு சத்துவாச்சாரில வந்து நிக்குது பாரு.


டிடிபி அக்கா, சத்துவாச்சாரி
திங்கள் ராத்திரி 9:30

ரிமோட் எதுவும் இல்ல தம்பி, பாத்துட்டேன். இவரு ஃபார்மட்டே பண்ணிடுன்னு சொல்லிட்டாரு. ஆனா ஃபைல எப்படி எடுக்கறது? எடுக்கற ஃபைலோட அதுவும் வந்துடாதா? பென்டிரைவ்ல ஃபோல்டரு எல்லாம் ஷார்ட்கட்டா தான் தெரியுது, உள்ள இருந்தது போயிடுச்சான்னே தெரியல.


கிரீன்சர்க்கிள் சிக்னல்
திங்கள் ராத்திரி 10:15

போவல, மறைச்சு வெச்சிருக்கு. உங்க நிஜ ஃபோல்டருக்கு 'ஹிட்டன், சிஸ்டம்'னு முத்திர குத்திட்டு அதே பேர்ல ஷார்ட்கட் போடும், நீங்க அத தட்டுனா உங்க ஃபோல்டரும் தொறக்கும், கூடவே அதுவும் ஓடும். அதனால இனிமே அத தட்டவே தட்டாதீங்க. கமாண்ட் பிராம்ப்ட்ல பென்டிரைவ் எழுத்துக்கு போயி (உங்களுக்கு ஈ யா எஃப் பா பாத்துக்கங்க) அட்ரிப், மைனஸ் எச், மைனஸ் ஆர், மைனஸ் எஸ், அப்பறம் ஸ்டார் டாட் ஸ்டார், சிலாஷ் எஸ், சிலாஷ் டி. எல்லாத்துக்கும் நடுவுல ஸ்பேஸ். நிஜ ஃபோல்டர் வெளிய வந்துடும், ஷார்ட்கட் எல்லாத்தையும் அழிச்சிடுங்க.

ஆனா இத இந்த சிஸ்டத்துலயே பண்ணா அது திரும்ப மறைக்கும், அதனால புது விண்டோஸ் போட்டதுக்கு அப்பறம் பண்ணுங்க. அதுக்கும் முன்னாடி எக்ஸ்ப்ளோரர்ல வியூ மெனுவுல 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' டிக் போட்டுடுங்க. விண்டோஸ் தானா அத மறைச்சு வெக்கும், அதனால 'பத்திரிகை டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ'ன்னு இருக்கிறது உங்களுக்கு 'பத்திரிகை டாட் பிடிஎஃப்'னு தான் தெரியும். பாதி பேரு ஏமாறுறது இங்க தான்.

டி டிரைவ்ல இருந்து நீங்க செஞ்ச ஃபைல் மட்டும் எடுங்க, பேஜ்மேக்கர் ஃபைலு, கோரல், ஜேபெக், பிடிஎஃப், ஃபான்ட்னா டிடிஎஃப் மட்டும். இஎக்ஸ்இ, எஸ்சிஆர், பேட், விபிஎஸ், ஷார்ட்கட் இதெல்லாம் ஒண்ணு கூட வேணாம், அது உங்க பழைய பேஜ்மேக்கர் செட்டப்பா இருந்தாலும். வெளி ஹார்ட்டிஸ்க்ல காப்பி பண்ணுங்க, பண்ணிட்டு உடனே கழட்டிடுங்க.

விண்டோஸ் பென்டிரைவ் இன்னொரு சுத்தமான சிஸ்டத்துல தான் செய்யணும், இதுல செய்யாதீங்க. மைக்ரோசாஃப்ட் பக்கத்துலயே மீடியா கிரியேஷன் டூல் ஃபிரீ, 8 ஜிபி பென்டிரைவ் போதும், அதுல இருக்கிறது எல்லாம் அழிஞ்சிடும். இன்ஸ்டால் பண்ணும் போது கஸ்டம் குடுத்து பார்ட்டிஷன் எல்லாத்தையும், டி உட்பட, டெலீட் பண்ணிட்டு காலி இடத்துல போடுங்க. சி மட்டும் ஃபார்மட் பண்ணிட்டு டியில இருக்கிற பழைய செட்டப்ப தட்டி மறுநாளே திரும்ப வந்தவங்கள பாத்திருக்கேன். அதுக்கு முன்னாடி ஹார்ட்டிஸ்க்ல காப்பி ஆனது நிஜமா தொறக்குதான்னு வேற சிஸ்டத்துல நாலு ஃபைலு தொறந்து பாத்துடுங்க, அப்பறம் அழாதீங்க. உங்க விண்டோஸ் ஒரிஜினல்னா கீ கேட்டா 'கீ இல்ல'ன்னு குடுங்க, அதே வெர்ஷன போட்டு நெட் வந்ததும் மதர்போர்ட பாத்து தானே ஆக்டிவேட் ஆயிடும்.

இன்னொண்ணு, விண்டோஸ் 10க்கு இலவச அப்டேட்ட மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட நிறுத்திட்டாங்க. உங்க சிஸ்டம் 11 தாங்குமான்னு பிசி ஹெல்த் செக்ல பாத்துக்கங்க, தாங்கும்னா ஒரே வேலையா 11 போட்டுடுங்க, பேஜ்மேக்கர் அதுல ஓடுதான்னு மட்டும் ஆர்டர் டைம்ல டெஸ்ட் பண்ணாதீங்க.


டிடிபி அக்கா, சத்துவாச்சாரி
புதன் ராத்திரி 9:50

முடிஞ்சுதுபா. அண்ணன் பையன் காலேஜ் லேப்டாப்ல பென்டிரைவ் செஞ்சு, நேத்து ராத்திரி போட்டோம். விண்டோஸ் 11 தாங்காதாம், பிராசஸர் பழசுன்னு சொல்லிடுச்சு, அதனால இப்போதைக்கு 10 தான், தீபாவளிக்கு புதுசு பாக்கலாம்னு இவரு சொல்றாரு, பாப்போம். ஃபைல்ல ஏழெட்டு தவிர எல்லாம் தொறக்குது. அட்ரிப் போட்டதும் பென்டிரைவ்ல ஃபோல்டர் எல்லாம் வந்து நின்னப்ப கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. எக்ஸ்குளூஷன் காலி, நெட்ஸ்டாட்ல 5552 இல்ல. வேலைக்கு இனிமே அட்மின் இல்லாத தனி யூசர் போட்டுக்கினேன், அண்ணன் பையன் சொல்லி.

ஃபான்ட் குடுத்த பிரஸ்ல ஃபோன் பண்ணி சொன்னேன். எங்க சிஸ்டத்துல ஒண்ணும் காட்டலையேமா, உங்க வீட்ல தான் எதாவது இருக்கும்னு சொல்றாங்க.


வாலாஜா ரோடு
புதன் ராத்திரி 10:05

எக்ஸ்குளூஷன தொறந்து பாக்க சொல்லு மா.


டிடிபி அக்கா, சத்துவாச்சாரி
புதன் ராத்திரி 10:08

ஃபோன்ல சொன்னா புரிய மாட்டேங்குது அண்ணா. நாளைக்கு ப்ரூஃப் குடுக்க எப்படியும் போவணும், நானே உக்காந்து பாத்துட்டு வரேன். ப்ரூஃப் பேப்பர்ல தான் எடுத்துக்கினு போறேன், பென்டிரைவ் வீட்லயே இருக்கட்டும்.